எதிர்த்தாப்ல பாய்

வந்த வியாபாரத்தை விரட்டுவதற்கென்றே கடை போட்ட மனிதர் மதுரை ஜில்லாவிலேயே ஒருவர்தான். கோரிப்பாளையத்தில் என் டயர் கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர். பெயர் என்னவோ, ஊருக்கு அவர் 'எதிர்த்தாப்ல பாய்'.

சிகரெட் கேட்டால் கொடுப்பார். நெருப்பு கேட்டால், "எதிர்த்தாப்ல இருக்கு" என்பார். மற்றக் கடைகளில் வாசலிலேயே புகைந்துகொண்டு தொங்கும் கயிறு, இவருக்கு மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தில் தொங்கும். கோரிப்பாளையம் சிக்னலில் ரோட்டைக் கடப்பது லேசுப்பட்ட காரியமா? பாதிப் பேர் சிகரெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

"பாய், சிகரெட்டால சாகுறதுக்கு முன்னாடி லாரியில அடிபட்டுச் செத்துருவேன் போல" என்றான் அலங்காநல்லூர் ஆட்டோக்காரன்.

"அவசரமில்ல மாப்ள. நாளைக்குப் பத்திக்க."

"அப்ப எதுக்கு விக்கிறீக?"

"நான் விக்கலைன்னா அடுத்த கடையில நெருப்போட வாங்குவ."

நான் அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன். பஞ்சர் ஒட்டியே மூன்று கடை கண்டவன். எவனுக்கும் அடங்கியதில்லை. லைட்டரோடு போய் நின்றேன்.

பாய் கோபிக்கவில்லை. "ஒங்க நெஞ்சு, ஒங்க சிகரெட்டு. குடிங்க முதலாளி. மொத சிகரெட்ட மட்டும் டீக்குப் பின்னாடி வெச்சுக்கங்க. அம்புட்டுத்தான்."

டீக்குப் பின்னால் என்றது இட்லிக்குப் பின்னால் ஆனது. பிறகு கடை திறந்த பின்னால் ஆனது. பாக்கெட்டாக வாங்கிய நான் சில்லறையாக வாங்க ஆரம்பித்தேன். என் மனவுறுதியைப் பற்றி ஆனையூர் வரை பேச்சு. பரப்பியது நான்தான்.

ஒருநாள் கேட்டேன். "எல்லாஞ் சரி பாய், 'விட்டுரு'ன்னு ஒருதரம்கூடச் சொல்ல மாட்டேங்கிறீங்களே?"

மிட்டாய் பாட்டிலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எம்மகன்ட்ட சொன்னேன் முதலாளி. 'விடுடா'ன்னு கன்னத்துல ஒன்னு வெச்சேன். சிகரெட்ட விடல, வீட்ட விட்டுட்டான். திருப்பூர்ல இருக்கானாம்."

அதைச் சொன்னதோடு சரி. மறுபடி 'விடு' என்ற வார்த்தை அவர் வாயில் வரவே வராது. பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பவனைக்கூட, "பஸ்ஸு போயிருச்சா?" என்றுதான் கேட்பார்.

போன ரம்ஜானுக்கு மறுநாள் பாயின் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். மகன்!

"அத்தா... நல்லாருக்கீங்களா? சிகரெட்டக் கொறச்சுட்டேன் அத்தா. இப்ப ஒன்னு ரெண்டுதான். ஊருக்கு வரலாமான்னு..."

பாய் சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார். "அம்புட்டுக் கொறச்சுட்டியா! என் ராசா! அப்ப அந்த ரெண்டையும் விட்டுர்றா!"

அந்தப் பக்கம் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

"முதலாளி, நான் என்ன சொன்னேன்? என்ன சொல்லிட்டேன்?"

அவர் கையிலிருந்த போனை வாங்கி, நானும் இரண்டு தரம் அடித்துப் பார்த்தேன்.

மகன் இன்னும் வரவில்லை. ஆனால் போன் அடித்தால், எடுப்பதற்கு முன் பாய் என்னைத்தான் தேடுகிறார். கடையில் எவ்வளவு கூட்டம் நின்றாலும் ஓடுகிறேன். அவர் எதிரில் போய் நின்று, உதட்டில் விரலை வைத்துக்கொள்கிறேன்.