கரை தட்டிய பரண்

என் கைகள் எந்தக் காரியத்தையும் என்னைக் கேட்டுச் செய்வதில்லை. கடுதாசி எழுத உட்கார்ந்தால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும். நான் வேறெங்கோ இருப்பேன். இந்தக் கைகளை நம்பி என் பரிசத்துக்கு ஒரு பரண் கட்டினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

அப்போது நான் ராயபுரத்துக் குப்பத்திலிருந்து திருவொற்றியூரில் ஒரு பட்டறைக்கு ஃபிட்டர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கடலுக்குப் போகாத முதல் ஆண்பிள்ளை. (அலையைப் பார்த்தால் எனக்குக் கனவு வந்துவிடும். கனவு காண்கிறவனைக் கட்டுமரத்தில் ஏற்ற நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மனம் வரவில்லை.) எண்ணூரில் கன்னியம்மாவை எனக்குப் பேசினார்கள். ஆனால் அவளுடைய அப்பாவுக்கு என் மேல் அரை மனசுதான்.

“கடல வுட்டவன் கட்னவளையும் வுட்டுடுவான்” என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். “பரிசத் தட்டு எட்த்துகினு வாங்க. வெத்தல வாங்கறனா இல்லியான்னு அன்னிக்குச் சொல்றேன்.”

அவர் வெற்றிலை வாங்கினால் கல்யாணம். வாங்காவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். கன்னியம்மாவை நான் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். காய்ந்த வலையை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பட்டறையில் நான் அறுத்த இரும்பெல்லாம் கோணலாகத்தான் வந்தது.

யுத்தம் முடிந்து பட்டாளத்தில் ஏலம் விட்ட பிக்கப் வண்டி ஒன்று என் தோஸ்து காதரிடம் இருந்தது. பின்னால் திறந்த தொட்டி. அதில் அத்தைமார் எட்டுப் பேரை ஏற்றிய பிறகு இருபத்தொரு தட்டுக்கு ஏது இடம்? பரிசத் தட்டைக் காலடியில் வைக்கக் கூடாது. மடியில் வைத்தால் எண்ணூர் போய்ச் சேருவதற்குள் லட்டு மிஞ்சாது (எனக்கு என் அத்தைகளைத் தெரியும்). ஆகவே தொட்டிக்கு மேலே ஒரு பரண் கட்டுவதென்று தீர்மானித்தேன்.

காதர் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். “வண்டில ஒரு ஓட்ட போட்டே, தோஸ்துன்னு பாக்க மாட்டேன் மாமு.”

ஓட்டையும் ஆணியும் இல்லாமல் கட்டுவது எங்கள் ஜனங்களுக்குப் புதிதா என்ன? கட்டுமரத்தில் ஏது ஆணி? நாலு மூலைக்கு நாலு சவுக்குக் கழி நிறுத்தி, குறுக்கே பலகை போட்டு, எல்லாவற்றையும் கயிற்றால் இறுக்கினேன். முடிச்சு எங்கள் வீட்டு முடிச்சு. யானை இழுத்தாலும் அசையாது. ஆனால் நுனியைச் சொடுக்கினால் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். கட்டுமரம் கரை தட்டியதும் கட்டைப் பிரித்துக் காயப்போட வேண்டும் அல்லவா, அதற்காக. நான் கடலுக்குத்தான் போகவில்லையே தவிர, ஏழு வயதிலிருந்து நைனாவின் மரத்தை அவிழ்த்தவன் நான்தான்.

காதர் பரணைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். “கப்பல் மாரி கீதுபா” என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பரிசத்தன்று காலை நைனா காதர் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தைகள் தொட்டியில். தட்டுகள் சரியாமல் பார்த்துக்கொள்ள நான் பரணின் முன்விளிம்பில் உட்கார்ந்து, கால்களை வண்டிக் கூரை மேல் நீட்டிக்கொண்டேன். டோல்கேட் தாண்டியதும் கடற்காற்று வந்தது. எனக்குப் பின்னால் மல்லிகைப்பூவும் வாழைப்பழமும் மணந்தன. ஆலைப் புகை வானத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. ரோடு வெயிலில் பளபளத்துத் தண்ணீராக எதிரே வந்தது. வண்டி ஓடவில்லை, மிதந்தது. (காதரைக் கேட்டால் எலும்பு கழன்றது என்பான்.) நான் எங்கோ ஆழ்கடலுக்குப் போய், மரம் கொள்ளாத மீனோடு திரும்பிக்கொண்டிருந்தேன். கரையில் கன்னியம்மா காத்திருந்தாள். அத்தனை சுகமாக என் வாழ்நாளில் நான் பிரயாணம் செய்ததில்லை.

எண்ணூரில் வண்டி ரோட்டை விட்டு மணலில் இறங்கியது. சக்கரம் புதைந்து, சர்ரென்ற சத்தத்தோடு நின்றது. மரம் கரை தட்டும்போது கேட்கும் அதே சத்தம். எதிரே ஆட்கள் திரண்டு நின்றார்கள். நான் நிம்மதியாக வலது பக்கக் கயிற்றைச் சொடுக்கினேன். பிறகு இடது பக்கக் கயிற்றை.

“டேய்! இன்னாடா பண்றே!” என்று நைனா அலறியது கேட்டது.

பரண் சம்பந்தி வீட்டாருக்கு மரியாதையாகத் தலை குனிந்தது. முதலில் நான் கூரையில் விழுந்து, பானெட்டில் சறுக்கி, வருங்கால மாமனாரின் காலடியில் மணலில் உட்கார்ந்தேன். பின்னாலேயே தட்டுகள் வந்தன. லட்டு உருண்டது. தேங்காய் என் முதுகைப் பதம் பார்த்தது. பரிசச் சேலை நிதானமாகப் பறந்து, மணலில் காயப்போட்டிருந்த கருவாட்டின் மேல் படுத்தது. குங்குமம் மொத்தமும் என் தலையில்.

“எல்லாத்தையும் கலீஜ் பண்ணிட்டியேடா பாவி!” என்று பெரிய அத்தை தொட்டியிலிருந்து கத்தினாள். கூட்டத்தில் யாரோ “சகுனமே சரியில்ல” என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கன்னியம்மா இருந்த பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

மாமா குனிந்தார். என்னை எடுக்கவில்லை, கயிற்றை எடுத்தார். நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யார் போட்ட முடிச்சு இது?”

“நான்தான் மாமா.”

“அவுத்தது?”

“அதுவும்... நான்தான் மாமா.”

“இன்னாத்துக்கு அவுத்தே?”

பொய் சொல்லக்கூட நேரமில்லை. “கரை தட்டுச்சு மாமா” என்றேன்.

அவர் முகத்தில் ஏதோ நடந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். “யோவ், இவனயா கடல வுட்டவன்னு சொன்னேன்? கடல்தான்யா இவன வுடல!” என்று நைனாவின் தோளில் அறைந்தார். மணலில் கிடந்த வெற்றிலையைப் பொறுக்கி, வேட்டியில் துடைத்து, நைனாவிடம் கொடுத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்போதுதான் கன்னியம்மாவைப் பார்த்தேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, குலுங்கிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கும் நாங்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ போனால், இறங்குகிற இடம் நெருங்கியதும் அவள் என் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். “கரை வருது, சும்மா இரு” என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் இந்த வயதில் இவ்வளவு ஆசையா என்று வாயைப் பிளக்கிறார்கள். நானும் யாரிடமும் விளக்கம் சொல்வதில்லை.