தலைவரின் முழங்காலும் டங்ஸ்டன் மலையும்

பூமிக்கடியில் எங்கே என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது தலைவரின் முழங்கால்தான் என்ற பேருண்மையை உலகுக்கு வழங்கிய பெருமை எங்கள் கம்பெனியையே சேரும். அந்தக் கம்பெனியின் பொது நிர்வாகப் பிரிவில் நாற்காலி, கூடாரம், பன்றித்தலை ஆகியவற்றுக்குப் பொறுப்பாளன் நான். ஆகவே கொஞ்சம் அதிகாரத்தோடு சொல்கிறேன்.

சொல்கோல், காங்வொன் மலைகளுக்குள் இருக்கும் ஊர். முன்னொரு யுகத்தில் கீழேயிருந்து பொங்கி வந்த பாறைக் குழம்பு, அங்கிருந்த சுண்ணாம்புக் கல்லைத் தொட்டதாம். தொட்ட இடம் மட்டும் வெந்து வேறொரு கல்லாக மாறியதாம். அதற்கு ஸ்கார்ன் என்று பெயர். எங்கள் கம்பெனி தேடும் டங்ஸ்டன் உலோகம் இருந்தால் அதில்தான் இருக்கும். இதையெல்லாம் கோடை முழுக்க மலையேறிக் கண்டறிந்தவர் எங்கள் நிலவியலாளர் தாக் யோங்ஜு. செங்குத்துச் சரிவில் ஒரு சிவப்புக் கொடியை நட்டுவிட்டு வந்து, அங்கே துளை போடுங்கள் என்றார். நிறையப் படித்தவர். நிர்வாக அனுபவம்தான் இல்லை.

எங்கள் பக்கத்தில் மலைச்சாமிக்குப் படையல் வைக்காமல் எந்தத் துளைக்காரரும் இயந்திரத்தைத் தொடமாட்டார். துளை விழும் இடத்தில் மேசை போட்டு, சிரித்த முகமுள்ள பன்றித்தலையை வைத்து, அரிசிக் கள் ஊற்றி, எல்லோருக்கும் முன்னால் தலைவர் தரையில் விழுந்து கும்பிட வேண்டும். தலைவர் பியோவுக்கோ முழங்கால் வலி. கார் ஏறாத இடத்துக்கு அவரும் ஏறமாட்டார்.

அவசரக் கூட்டம் கூடியது. படையலைக் கீழே வைத்துவிட்டு மேலே துளை போடலாமே என்றார் தாக். மேலாளர் குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், மலைச்சாமியையே ஏமாத்தச் சொல்றீங்களா?"

"சார், கீழ வெறும் சுண்ணாம்புதான் இருக்கு."

"கீழ சமதளம் இருக்கு. பார்க்கிங் இருக்கு. உங்க ஸ்கார்ன்ல பார்க்கிங் இருக்கா?"

இல்லை என்று தாக் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. "அறிவியல் காரணங்களை" முன்னிட்டு, சிவப்புக் கொடி கீழே இறங்கி மா ஒக்புன் அம்மாவின் கோஸ் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

ஒக்புன் தனியாள். அவருக்கு இருந்ததெல்லாம் அந்தத் தோட்டம்தான். அதில் விளையும் கோஸில்தான் ஊரே கிம்ச்சி ஊறுகாய் போடும். தலைவரே நேரில் வந்து வாக்குக் கொடுத்தார்: எடுக்கும் கல் புற ஊதா விளக்கில் நீலமாக மினுங்கினால் டங்ஸ்டன் தாது இருக்கிறது, தோட்டம் கம்பெனிக்கு, மினுங்காவிட்டால் துளையை மூடிவிட்டுத் தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஒக்புன் யோசித்தார். அன்று மாலை தாக் அவர் வீட்டுக்குப் போய், உங்கள் மண்ணுக்கடியில் ஒரு பொட்டு கூட மினுங்காது, தைரியமாகச் சரி சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். ஒக்புனும் சரி சொல்லிவிட்டார். படித்தவர்கள் மீது எங்கள் ஊரில் அவ்வளவு மரியாதை.

படையல் சிறப்பாக நடந்தது. சந்தையிலேயே அகலமாகச் சிரித்த பன்றியை நான் தேர்ந்தெடுத்திருந்தேன். விஷயம் தெரிந்த பன்றி என்றார் தாக், மெதுவாக.

துளையிலிருந்து உருளை உருளையாக வெள்ளைக் கல் வந்தது. அடுத்த வாரமும் வெள்ளைக் கல்தான். எல்லாம் சுத்தமான சுண்ணாம்பு. பக்கத்துப் பாத்திகளில் கோஸ் அறுப்புக்குத் தயாராகத் தலை கட்டி நின்றது. கல் மினுங்குகிறதா என்று பார்க்கத் தலைவர் வந்தார். பகலிலும் இருட்டாக இருக்கும்படி கறுப்புத் துணியில் கூடாரம் போட்டிருந்தேன். உள்ளே தலைவர், குக், தாக், நான். கூடவே, தன் தோட்டத்தின் தீர்ப்பைத் தானே பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக ஒக்புன்.

தாக் விளக்கைப் போட்டார். கல் கல்லாகவே கிடந்தது. ஒக்புன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அப்போது தலைவர் கீழே குனிந்தார்.

"நீலமா தெரியுதே," என்றார்.

உண்மையில் தெரியத்தான் செய்தது. கல்லுக்கு ஒரு சாண் மேலே, தலைவரின் கோட்டுக்குள், சலவைத்தூளில் வெளுத்த சட்டை நிலாப் போல ஜொலித்துக்கொண்டிருந்தது. கல் உருளைகளை அடுக்கியிருந்த பெட்டிக்குள் லேசாக அதன் வெளிச்சம் விழுந்தது.

"ஐயா, அது உங்க சட்டை," என்றார் ஒக்புன். "கோட்டு பட்டனைப் போட்டுட்டுப் பாருங்க."

தலைவர் பட்டனைப் போட்டார். கூடாரம் இருண்டது. பட்டனைக் கழற்றினார். நீலம் வந்தது. அறிவியலில் இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது. தலைவர் "தெரியுது" என்று சொன்ன பிறகு தெரியவில்லை என்று சொல்வதற்கு எங்கள் கம்பெனியில் பதவி எதுவும் ஒதுக்கப்படவில்லை.

கடைசியில் குக் தழுதழுத்த குரலில் சொன்னார்: "பாத்தீங்களா, தலைவர் மூடினா மூடுது, திறந்தா திறக்குது. கல்லே அவருக்குக் கட்டுப்படுது."

ஒக்புன் தாக் பக்கம் திரும்பினார். "கண்ணு, நீ சொல்லும்மா."

தாக் வாயைத் திறந்தார். குக் இருமினார். பக்கத்தில் நின்ற எனக்கு அந்த இருமல் நன்றாகப் புரிந்தது. தாக்குக்கும் புரிந்திருக்க வேண்டும். கல் உருளைகளைப் பார்த்தபடியே விளக்கை அணைத்துவிட்டார்.

மறுநாளே வேலி வந்தது. பிறகு புல்டோசர். கோஸ் தலைகளை அறுக்கவாவது விடுங்கள் என்று ஒக்புன் கேட்டார். "ஆய்வுப் பகுதிக்குள் அந்நியர் பிரவேசிக்க அனுமதி இல்லை" என்று விளக்கமாகச் சொல்லி அனுப்பினோம். தோட்டம் மட்டமாக்கப்பட்டு, சிமெண்ட் போடப்பட்டு, தலைவரின் கார் முழு வட்டம் அடிக்கும் அளவுக்கு ஒரு நிரந்தரப் படையல் மேடை உருவானது. தாக் இப்போது சியோல் அலுவலகத்தில் வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டுகிறார். மேலே சரிவில் டங்ஸ்டன் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் தொந்தரவு செய்யவில்லை.

வசந்த காலத்தில் இரண்டாவது துளைக்கான படையல், அதே மேடையில். "நிலம் தந்த பெருமாட்டி" என்று பட்டுத்துணியில் எழுதி மாட்டி, ஒக்புனை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தோம். கும்பிடு முடிந்ததும் வெந்த பன்றிக்கறித் தட்டு வந்தது. தலைவர் மேடை நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தார், தட்டைச் சுற்றித் தேடினார், முகம் சுளித்தார்.

"கறி இருக்கு, கிம்ச்சி எங்க? சொல்கோல் கோஸ் கிம்ச்சி பேர்போனதுன்னு சொன்னாங்களே."

குக் என்னைப் பார்த்தார். நான் பன்றித்தலையைப் பார்த்தேன். அது சிரித்துக்கொண்டிருந்தது.

"இங்கதான் ஐயா இருக்கு," என்றார் ஒக்புன், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "நீங்க அது மேலதான் உக்காந்திருக்கீங்க."

தலைவர் குனிந்து சிமெண்டைப் பார்த்தார். அவர் எதையாவது குனிந்து பார்த்தால் நாங்கள் என்ன செய்வோமோ, அதையே செய்தோம். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம்.