ஏழரை மணிச் சிவப்புக் கோடு

கோடு போடும் மனிதர் என்று ஓர் இனம் உண்டு. அவரைத் தேடி நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. ஏதாவது ஒரு பாடசாலை அலுவலக வாசலில் காலை ஏழு இருபத்தைந்துக்கு நின்று பாருங்கள். ஒரு கையில் அடிமட்டம், மறு கையில் சிவப்புப் பேனை, முன்னால் ஆசிரியர் வரவுப் பதிவேடு, கண் சுவர் மணிக்கூட்டில். ஏழரை அடித்ததும் கடைசி ஒப்பத்தின் கீழ் ஒரு கோடு விழும். கோட்டுக்கு மேலே ஒப்பமிட்டவர்கள் நல்லவர்கள். கீழே ஒப்பமிடுபவர்கள் பிந்தியவர்கள். மூன்று தரம் பிந்தினால் அரை நாள் லீவு வெட்டு. மனித குலத்தை இவ்வளவு சுருக்கமாக வேறு யாராவது பிரித்திருக்கிறார்களா?

வாவியின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் பாடசாலையில் அந்தப் பொறுப்பு பிரதி அதிபர் யோகராசா சேருடையது. ஆசிரியர் அறைக் கதவில் அவர் ஒட்டியிருக்கும் அறிவித்தல்களை வாசித்து முடிக்கவே ஒரு பாடவேளை வேண்டும். தேநீரை ஏழு நிமிடத்தில் குடித்து முடிக்க வேண்டும், அது எவ்வளவு சூடாக இருந்தாலும். கதிரையை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். ஈரக் குடைகளைப் பதவி மூப்பின்படி தொங்கவிட வேண்டும். போன்களைக் கூடையில் முகங்குப்புறப் போட வேண்டும். கடைசியாக, இந்த அறிவித்தல்களுக்கு முன்னால் கூட்டமாக நின்று வாசிக்கக் கூடாது. ஏன் சேர் என்று கேட்டால் ஒரே பதில்தான். "எனக்கு உங்களோட ஒரு கோவமும் இல்ல மிஸ். சுற்றுநிருபம் அப்பிடி." எங்கள் ஊரில் கோயில் சடங்கு நேரத்தில் அம்மாளை நேரில் கண்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தச் சுற்றுநிருபத்தைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

தனுஷியா டீச்சர் ஒரு நாள் கரும்பலகையில் எழுத வெண்கட்டி கேட்டு அவரிடம் போனார்.

"பழைய துண்டு எங்க?"

"அது முடிஞ்சிட்டு சேர்."

"முடிஞ்ச துண்டத்தான் கேக்கிறன்."

"முடிஞ்சா எப்பிடி சேர் துண்டு இரிக்கும்?"

"அப்ப முடிஞ்சதுக்கு என்ன ஆதாரம்?"

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்களில் முதல் ஆள் நான்தான். நியமனம் கிடைத்து எட்டு மாதம். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆளும் நானே என்பதால், எது நியாயம் எது அநியாயம் என்று கண்டவுடன் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கை வேறு. மாலையில் தங்கும் வீட்டில் அடிமட்டத்தைப் பிடித்துக்கொண்டு யோகராசா சேராக நடித்துக் காட்டுவேன். நன்றாக வருகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்கு வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டம். முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சிவப்புப் பேனையைக் கையில் தந்தார்.

"தம்பி, ஏழரை எண்டா ஏழரை."

காலை ஏழு மணிக்கே போய் இருந்துவிட்டேன். ஒரு பேனைக்கு இவ்வளவு பலமா? நேற்று வரை தம்பி என்று கூப்பிட்டவர்கள் எல்லாரும் என்னைச் சேர் என்றார்கள். கதிரையைத் தூக்கி வைத்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். பிடித்திருந்தது.

கிழக்குக் கரையிலிருந்து வரும் ஐந்து ஆசிரியர்கள் வாவியைக் கடக்கப் பாதையில் வருவார்கள். எஞ்சின் பூட்டிய மிதவைப் படகைத்தான் இங்கே பாதை என்போம். அன்று அதன் எஞ்சின் காற்றாடியில் ஆற்றுவாழைச் செடி சுற்றிக்கொண்டு நடு வாவியில் நின்றுவிட்டது. அந்த ஐந்து பேரில் நிருஷா டீச்சரும் ஒருவர். அவருக்கு அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு பிந்தல். கையில் மிச்சம் ஒரே ஒரு நாள் லீவு. வியாழக்கிழமை அவருடைய அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை. எட்டு மாதம் காத்திருந்து ஆசுபத்திரியில் கிடைத்த திகதி. காலையிலிருந்து பின்னேரம் வரை கூடவே நிற்க அவரை விட்டால் ஆள் இல்லை. இன்னொரு பிந்தல் விழுந்தால் அந்த ஒரு நாளில் பாதி போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஏழு இருபத்தொன்பது.

"பாதை அந்தா வருது, பொறுங்க சேர்," என்றார் ஜன்னலில் நின்ற தனுஷியா டீச்சர்.

நானும் பார்த்தேன். பாதை தெரிந்தது. அதில் நின்ற ஆட்களும் தெரிந்தார்கள். மணிக்கூடும் தெரிந்தது. அடிமட்டத்தை வைத்து, நடுங்காமல், அழகான ஒரு கோடு போட்டேன்.

ஆறு நிமிடம் கழித்து நிருஷா டீச்சர் சேலைக் கரை நனைய ஓடி வந்தார். மூச்சு வாங்கப் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்கு உங்களோட ஒரு கோவமும் இல்ல மிஸ்," என்றேன்.

எப்படி வந்தது அது என் வாயில்? சத்தியமாகத் தெரியாது. அவர் கோட்டின் கீழே ஒப்பம் வைத்தார்.

பதினொரு மணிக்கு யோகராசா சேர் வந்தார். பதிவேட்டைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பாதை வராமலா கோடு போட்டீங்க?"

"ஏழரை எண்டா ஏழரை எண்டு நீங்கதானே சேர் சொன்னீங்க?"

"சொல்லுவன். தினமும் சொல்லுவன். அது சொல்றதுக்கு. பாதை கரை தட்டினாப் பிறகுதானடா மனே ஏழரை!"

பதினேழு வருசமாக அப்படித்தானாம். பாதை பிந்தினால் சேரின் பேனையில் மை வராதாம், அடிமட்டம் காணாமல் போகுமாம். ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் தெரிந்த விடயம். பட்டதாரிக்கு மட்டும் தெரியவில்லை.

போட்ட கோட்டை அழிக்க முடியாது. அதற்கும் அவருடைய அறிவித்தல் ஒன்று இருக்கிறது. அவர் கதிரையில் ஏறி மணிக்கூட்டைக் கழற்றினார். முள்ளைப் பத்து நிமிடம் பின்னால் திருப்பி மேசையில் வைத்தார். பிறகு ஐந்து ஒப்பங்களின் கீழே புதிதாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் முத்து முத்தாக எழுதினார்: 'மணிக்கூடு பத்து நிமிடம் முந்தி ஓடியமையால் முதற்கோடு இரத்துச் செய்யப்படுகிறது.'

"சாட்சிக்கு ஒரு ஒப்பம் வைங்க தம்பி."

பேனையை வாங்கினேன். வாங்கிவிட்டுக் கேட்டேன்: "மணிக்கூடு சரியாத்தானே சேர் ஓடினது?"

"அம்மாளே!" என்று தனுஷியா டீச்சர் தலையில் கை வைத்தார். நிருஷா டீச்சர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒப்பம் வைத்தேன். வியாழக்கிழமை அவர் அம்மாவோடு ஆசுபத்திரியில் நின்றார், சத்திரசிகிச்சையும் நடந்தது. ஆனால் அந்த ஒப்பத்தை வைக்க எனக்கு ஒரு முழு நிமிடம் எடுத்தது. பதிவேட்டில் அதைக் குறிக்க இடம் இல்லை என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. என்ன இருந்தாலும் பதிவேட்டில் பொய் எழுதலாமா, சரியாக ஓடிய மணிக்கூட்டின் மேல் பழி போடலாமா என்று இந்த நேரம் உங்கள் மனதில் சின்னதாக ஒரு நெருடல் இருக்கிறதா? நல்லது. அடுத்த முறை யோகராசா சேர் கூட்டத்துக்குப் போகும்போது பேனையை உங்களிடம் தரச் சொல்கிறேன்.