நான் பிடித்துக் கொடுத்த முதல் ஆள்

போலீஸ் வேலைக்கு ஆசைப்படுகிறவர்கள் டிகிரி கையில் கிடைக்கும்வரை யாரையும் சந்தேகப்படாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது. பட்டவள் சொல்கிறேன்.

பாலிடெக்னிக் முடித்திருந்த நேரம். பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படித்துவிட்டு நேராகப் போலீசில் சேர்வது என் திட்டம். அப்பாவோ கணக்கியல்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். "போலீசுக்கும் கணக்குத் தெரிஞ்ச ஆளு வேணும் லா" என்பார். (அவரைப் பொறுத்தவரை கோயில் யானைக்கும் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும்.) எனக்குத் துப்பறியும் மூளை இருப்பதை நிரூபித்துவிட்டால் வழிக்கு வருவார் என்று நம்பினேன்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் எங்கள் மளிகைக் கடைக்கு எதிரே ஒருநாள் ஒரு மனிதர் வெகுநேரம் நின்றார். சட்டைப் பையில் இரண்டு பேனா. (ஒருவருக்கு எதற்கு இரண்டு?) பக்கத்துத் துணிக்கடையில் போய், அப்பா எப்போது கடையை அடைப்பார், வீட்டில் யார் யார் என்றெல்லாம் கேட்டிருக்கிறார். மறுநாள் அதே மனிதர் புக்கிட் மேராவில் எங்கள் வீடு இருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, பக்கத்து வீட்டு மலாய் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். கண் எங்கள் ஜன்னல்மேல். கொள்ளையடிக்க நோட்டம் பார்க்கிறார் என்று முடிவுகட்டிப் போலீசுக்குப் போன் அடித்தேன்.

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள்.

"ஐ கேம் டு செக் த கேர்ள், சார்" என்றார் அவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

அதிகாரியின் முகம் மாறியது. நான் வெற்றியில் மிதந்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்தார். "அடியே, இவரு அக்காவுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையோட அப்பா. நான் கோயில்ல பார்த்திருக்கேன்."

சம்பந்தம் பேசுமுன் அக்கம்பக்கத்தில் ரகசியமாக விசாரிப்பது நம் வழக்கம். அந்த ரகசியத்தைத்தான் நான் புளோக் முழுக்க ஒளிபரப்பியிருந்தேன். அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்தவள், விஷயம் தெரிந்து அழுதுவிட்டாள். என்னால் அவள் கல்யாணம் நின்றுபோனால் அப்புறம் எந்த டிகிரி படித்து என்ன?

அதிகாரிகள் போனபின் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். தேத்தண்ணியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "நல்ல குடும்பம்னுதான் எல்லாரும் சொன்னாங்க. சின்னப் பொண்ணப் பத்தி மட்டும் ஒருத்தரும் எச்சரிக்கல."

அக்கா சிரித்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"எப்ப வந்தாரு, என்ன கேட்டாரு, எல்லாம் கரெக்டாப் பார்த்திருக்க. ஆளைத்தான் புரிஞ்சிக்கத் தெரியல. பேசாம சைக்காலஜி படி" என்றாள் அன்று மாலை. அப்பாவும் மறுக்கவில்லை. (இவளை நம்பி எந்தக் கணக்கையும் கொடுக்க முடியாது என்று தெரிந்துகொண்டிருப்பார்.) உளவியல் படித்தேன், போலீசிலும் சேர்ந்தேன். அக்காவின் மாமனாருக்கு இன்று என்மேல் கொள்ளைப் பிரியம். எனக்கும் அவர்மேல் அப்படித்தான்.

போன மாதம் எனக்கே ஒரு வரன் வந்தது. எங்களைப் பற்றி எப்படி விசாரிக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் அவரிடமே யோசனை கேட்டிருக்கிறார்கள். பாவம், அவர் சொன்னபடியே முதலில் போலீஸ் நிலையத்துக்குப் போய், பெண் விஷயமாக விசாரிக்க வந்திருக்கிறோம் என்று பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் புளோக் பக்கமே வந்தார்கள்.