நூற்றுக்கு நூறு வாங்கிய வேல்பாண்டி

வேல்பாண்டிக்கு முப்பத்தெட்டு மார்க்தான் வந்தது. பரீட்சை எழுதியது போனில். பாடம் அவனுடைய மனசு.

ராஜபாளையத்தில் அவன் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனி, தினமும் கேள்வி கேட்டு மார்க் போடும் ஒரு ஆப்பை எல்லார் போனிலும் ஏற்றிவிட்டிருந்தது. ‘இருபத்தோரு நாளில் கவலை, தூக்கமின்மை முற்றிலும் குணமாகும்’ என்று முகப்பிலேயே போட்டிருந்தது. காஸ் துணிப் பெட்டியில் ‘புண்ணை ஆற்றும்’ என்று ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தாலும், ஆதாரம் எங்கே என்று மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புகிறவன் வேல்பாண்டி. லேபிள் சரிபார்ப்பதுதான் அவன் வேலை. ஐம்பதுக்குக் கீழே வாங்கினால் மூட்டை தூக்கப் போட்டுவிடுவார்கள் என்று பேச்சு. மூன்று மாதமாக ஏனென்று தெரியாமலே தூக்கம் கெட்டுக் கிடந்தவனுக்கு, இருந்த கொஞ்சநஞ்சமும் போயிற்று.

“நல்லாத் தூங்குனீகளான்னு கேட்டா ஆமான்னு அமுக்குங்க,” என்றாள் மனைவி பரிபூரணம். “போனு என்ன, உங்க கண்ணையா பாக்கப் போவுது?”

அமுக்கினான். இருபத்தோராம் நாள் நூற்றுக்கு நூறு.

அப்பாடா என்று இருக்க விட்டாரா மேனேஜர் பிரேம்குமார்? ‘முழுக் குணம் பெற்றவர்’ என்று அவன் படத்தை வாசலில் பேனராகக் கட்டிவிட்டார். “எப்படிண்ணே சரியாச்சு?” என்று ஆளாளுக்குக் கேட்க, வேல்பாண்டி சுவரோரமாக நடக்க ஆரம்பித்தான். பெட்டிக்கு லேபிள் பார்த்தவன் தானே பொய் லேபிளாகத் தொங்குவது பெரிய வெட்கமாக இருந்தது. சோறும் இறங்கவில்லை.

பேனரைப் பார்த்து யாரோ புகார் போட்டார்கள். ‘குணமாகும்’ என்பதற்கு ஆதாரம் கேட்டு அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது.

“ஆதாரமே நீதானப்பா,” என்றார் பிரேம்குமார். “ஸ்ரீவில்லிபுத்தூர் போயி, மனநல டாக்டர்ட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துரு.”

டாக்டர் அவன் முகத்தைப் பார்த்தாலே குட்டு உடைந்துவிடும். உடைந்தால் வேலை போகும். பஸ் முழுக்க அதே நினைப்பு.

ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் இருபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் போனில் அதே ஆப். சீட்டு எழுதிக்கொண்டிருந்த வெள்ளத்தாயிடம் வேல்பாண்டி ஒப்பித்தான்.

“எனக்கு ஒண்ணுமில்லக்கா. நல்லாத் தூங்குதேன், நல்லாச் சாப்பிடுதேன். ஆப்புலயே நூறு மார்க்கு. ஒரு சர்டிபிகேட் மட்டும் போதும்.”

வெள்ளத்தாய் நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் சீட்டை எல்லாச் சீட்டுக்கும் மேலே எடுத்து வைத்தாள்.

“நூறா? அப்ப நீங்க மொதல்ல உள்ள போங்கண்ணாச்சி. முப்பது நாப்பது வாங்குனவிய உண்மையச் சொன்னவிய, அவிய செத்த நேரம் காத்திருக்கலாம்னு டாக்டரு சொல்லிருக்காரு.”