கடலில் ஊறப்போட்ட மக்

அண்டைக்கு எனக்குத் தந்த வேலை ஒண்டுதான். பென்சன் போற பெரிய கிளாக்கரின்ர பிரியாவிடைக்கு, வாற எல்லாருக்கும் வெள்ளைப் பீங்கான் மக்குகளில படம் அடிச்சுக்கொண்டு வரவேணும்.

எழுபதுகளின்ர நடுப்பகுதி. திருகோணமலைத் துறைமுகத்துக் கந்தோர் ஒண்டில நான் கடைசி மேசைக் கிளாக்கர். எனக்குப் படம் கீறத் தெரியும் எண்டு நானே எல்லாருக்கும் சொல்லி வைச்சிருந்தன். அதால வேலை என்ர தலையில விழுந்தது.

இதில இன்னொரு கதையும் இருந்தது. பெரிய கிளாக்கர் தம்பிராசா ஐயாவின்ர மகள் சாந்தியை எனக்குக் கேட்டு அம்மா ஆள் அனுப்பியிருந்தா. சாந்திக்கு என்னைப் பிடிக்கும். எனக்கு அவளை அதைவிடப் பிடிக்கும். ஐயாதான் பிடி குடுக்கேல்லை.

"பெடியன் ஒரு அலுவலைப் பொறுப்பா முடிக்கிறவனோ எண்டு பாப்பம்," எண்டு சொல்லிவிட்டிருந்தார்.

அவர் பாக்கிறதுக்கு வந்து வாய்ச்ச அலுவல் இந்த மக்!

விசாரிச்சன். ஒழுங்கான முறை இதுதான்: படத்தை அதுக்கெண்டிருக்கிற கடதாசியில அச்சடிச்சு, தண்ணியில நனைச்சு, படத்தை மட்டும் வழுக்கி மக்கில ஏத்தி, சூளையில சுடவேணும். சுட்டால் படம் பீங்கானோட ஒட்டிப்போகும். ஆனால் மக் எல்லாத்தையும் கொழும்புப் பக்கம் அனுப்பவேணும். பிரியாவிடையோ அடுத்த கிழமை.

"உது சரிவராது," எண்டு நானே தீர்ப்புச் சொல்லிப்போட்டு காசிம் நானாவிட்டப் போனன். நானா கிண்ணியா ஆள். மீன்பிடி வள்ளங்களுக்குப் பேர் எழுதிறவர்.

"நானா, இதில படம் அடிக்க ஏலுமோ?"

மக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "வள்ளமும் வளைஞ்சுதான் இரிக்கி, இதுவும் வளைஞ்சுதான் இரிக்கி. தகடு வெட்டித் தாங்க தம்பி, அடிச்சிரலாம்."

தகடு எண்டால் பழைய எக்ஸ்ரே பிலிம். அதில படத்தை ஓட்டை ஓட்டையா வெட்டி, மக்கில சுத்திக் கட்டி, ஓட்டையளுக்கால பெயின்ற் ஒத்தியெடுக்கிறது. ஒரு பக்கத்துக்குக் கப்பல் கீறினன். மற்றப் பக்கத்துக்குக் கண்ணாடி போட்ட ஐயா.

வெட்டேக்கதான் தெரிஞ்சுது. கண்ணாடி வட்டத்தை வெட்டினால் உள்ளுக்கிருக்கிற கண் கழண்டு கீழ விழுகுது. விழாமல் பிடிக்க ரெண்டு வட்டத்திலயும் ஒரு சின்னத் துண்டை வெட்டாமல் விட்டன். ஐயா கண்ணில தூசு விழுந்த ஆள் மாதிரி வந்தார்.

"ஆரு தம்பி இதெல்லாம் உத்துப் பாக்கப் போறா?" எண்டார் நானா.

வள்ளத்துக்கு அடிக்கிற அதே நீலப் பெயின்ற்தான். எனக்கு ஒரு சின்னப் பயம். "கழண்டு போகாதோ நானா?"

நானாவுக்கு முகம் மாறிப்போச்சு. "நான் பேரெழுதின வள்ளம் வருசக்கணக்கா கடல்ல கெடக்கு. ஒரு எழுத்துப் போயிரிக்கா?"

"கோவிக்காதேங்கோ. ஒருக்காச் சோதிச்சுப் பாப்பம்."

துறைமுகத்தில வேலை செய்யிறவனுக்கும் வள்ளத்துக்குப் பெயின்ற் அடிக்கிறவருக்கும் சோதனை எண்டால் வேற என்ன ஞாபகம் வரும்? மக்கின்ர பிடியில கயித்தைக் கட்டி இறங்குதுறையில கடலுக்குள்ள விட்டம்.

ரெண்டு நாளால இழுத்துப் பாத்தால் ஒரு கோடு அழியேல்லை. உள்ளுக்க ஒரு நண்டுக்குஞ்சு வேற குடியிருந்தது.

"பாத்தீங்களா தம்பி?"

பாத்தன், பெருமைப்பட்டன். மிச்ச மக்குகளுக்கும் அடிச்சு முடிச்சம். மக்கில ஊத்தப்போறது கொதிக்கிற தேத்தண்ணி எண்டது ரெண்டு பேருக்கும் தோணேல்லை.

பிரியாவிடை நாள் வந்தது. குத்துவிளக்குக் கொழுத்திறதுக்காக என்ர புதுச் செருப்பைக் கழட்டி, ஐயாவின்ர கதிரைக்குக் கீழ தள்ளிவிட்டன். முன் வரிசையில சாந்தியும் தாயும் இருந்தினம். மக்குகளில தேத்தண்ணி வந்தது.

ஐயா மக்கைத் தூக்கிப் பிடிச்சார். "இது நானோ?"

"ஓம் ஐயா."

"கண்ணில என்ன?"

"வெளிச்சம் படுற இடம் ஐயா."

சபை கை தட்டிச்சுது. சாந்தி என்னைப் பாத்துச் சிரிச்சாள். எனக்கு மேளச்சத்தமே கேட்டுது.

அது மார்கழி மழை. கந்தோரின்ர மேலதிகாரி, பெரிய துரை, பேச எழும்பினார், இருக்கிற எண்ணமே இல்லை. குளிருக்கு எல்லாரும் மக்கை ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு கேட்டினம். பேச்சு முடியத்தான் சீனி வந்தது. சீனி கூப்பனில கிடைச்ச காலம். தேத்தண்ணிக்குள்ள போடமாட்டம், உள்ளங்கையில கொஞ்சம் வைச்சு நக்கிக்கொண்டு குடிப்பம்.

முதல்ல நக்கினவர் காசாளர். நாக்கு நீலம்!

அதுக்குள்ள ஐயாவும் சீனிக்குக் கையை விரிச்சிட்டார். விரிச்ச கையில ஐயாவே இருந்தார். கண்ணாடி, மீசை, கண்ணில தூசு, ஒண்டும் குறையேல்லை. மக் கழுவி வைச்ச மாதிரி வெள்ளையா இருந்தது.

கடதாசியில இருந்து மக்குக்குப் படம் மாத்திற முறையை வேண்டாம் எண்டு விட்டவன், மக்கில இருந்து மாமனாருக்கு மாத்திற முறையைக் கண்டுபிடிச்சிட்டன். மாமனார் எண்டு இனிச் சொல்லேலுமோ எண்டதுதான் தெரியேல்லை.

திரும்பிப் பாத்தன். என்னோட நிண்ட ஏற்பாட்டுக்காரர் ஒருத்தரையும் காணேல்லை. நானும் ஓடத்தான் வெளிக்கிட்டன். ஆனால் செருப்பு கதிரைக்குக் கீழ. மெல்லக் குனிஞ்சு கையை நீட்டினன்.

"எங்க போறீர்?" எண்டு ஐயா கேட்டார்.

வாயில வந்ததைச் சொன்னன். "மண்ணெண்ணெய் எடுத்துக்கொண்டு வாறன் ஐயா."

சொன்னபிறகு என்ன செய்யிறது? குசினிக்குப் போய் மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு வந்து, அவற்ற காலடியில குந்தியிருந்து, அவற்ற முகத்தை அவற்ற கையில இருந்தே தேய்ச்சு எடுத்தன். கடைசியாப் போனது மீசை.

ஐயா துடைச்ச கையை மோந்து பாத்தார். பிறகு தாயையும் மகளையும் பாத்துச் சொன்னார்.

"பிழை விட்டதும் மற்றவங்கள் எல்லாம் ஓடிட்டாங்கள். இந்தப் பெடியன் ஒருத்தன்தான் நிண்டவன். எனக்குச் சம்மதம்."

நான் செருப்பைக் காலால இன்னும் உள்ளுக்குத் தள்ளிவிட்டன்.

தையில கலியாணம் நடந்தது. மாமா தந்த பரிசுப் பெட்டியைத் திறந்தால், எல்லாம் வாய் வைக்காமல் குடிக்கிற பித்தளை மூக்குப்பேணி. ஒண்டிலயும் படம் இல்லை.