பூனைப் படமும் பத்து நாள் லீவும்

என் மனைவியின் கடையை ஒரு வாரம் மூடிவிடுவதென்று ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். அவளிடம் சொல்லாமல்தான். சொல்லிவிட்டு மூடும் அளவுக்கு எனக்கு வீரம் போதாது.

கடை என்றால் ஷட்டரும் கல்லாவும் கிடையாது. இணையத்தில் துணிப்பை விற்கிறாள். சரக்கு மட்டும் வீட்டில். சோபாவில் பை, கட்டிலில் பை, குளியலறைக் கொடியில் பை. என் நீலச் சட்டையைப் பார்த்து ஒரு மாதம் ஆகிறது. அதையும் பையாகத் தைத்து விற்றுவிட்டாளோ என்று சந்தேகம்.

போதாக்குறைக்கு, ஒரு பள்ளிக்கூடம் அறுநூறு பை கேட்டிருந்தது.

"நாளைக்குக் கடையில ஆர்டர் போடறாங்களாம். பத்தே நாள்ல குடுக்கணும். கைப்பிடியெல்லாம் நீங்கதான் தைக்கறீங்க" என்றாள்.

"எனக்கு ஆபீஸ் இருக்கேம்மா!"

"அங்க என்னத்தக் கிழிக்கறீங்க? இங்க தைங்க."

அந்தப் பைகளுக்கெல்லாம் 'பை பை' சொல்லிவிடுவதென்று அப்போதே தீர்மானித்தேன். கடையே மூடியிருந்தால் பள்ளிக்கூடம் எங்கே ஆர்டர் போடும்?

வழி என் கையில். அந்தக் கடையின் மென்பொருளை எழுதியதே நான்தான். அதில் ஒரு ஓட்டை உண்டு. அவள் கடைக்குள் லாக்-இன் செய்திருக்கும்போது வேறு ஏதாவது பக்கத்தைத் திறந்தால், அந்தப் பக்கம் அவள் பெயரில் கடைக்கு உத்தரவு போட்டுவிடலாம். 'அம்மா நிஜமாகவே சொன்னார்களா?' என்று கடை திருப்பிக் கேட்காது. அவள் பெயரைக் கேட்டதும் தலையாட்டிவிடும். எழுதியவன் புத்திதானே அதற்கும் இருக்கும்!

ஒரு பூனைக்குட்டிப் படம் போட்டுப் பக்கம் தயார் செய்தேன். பூனைக்குப் பின்னால், 'கடைக்கு ஏழு நாள் விடுமுறை' என்ற உத்தரவை ஒளித்துவைத்தேன். எந்நேரமும் கடைக்குள் லாக்-இன் ஆகியே இருக்கும் அவள் போனுக்கு அந்த இணைப்பைத் தட்டிவிட்டேன்.

"பூனை பாத்தியாம்மா?"

"பாத்தேன். திருதிருன்னு முழிக்குது. உங்கள மாதிரியே."

இணையத்தில் கடைப் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். 'கடைக்கு விடுமுறை' என்று பலகை தொங்கியது. சோபாவில் பைகளைத் தள்ளிவிட்டு, மன்னரைப்போல் படுத்துத் தூங்கினேன்.

மறுநாள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னங்க, கடை மூடியிருக்கே?"

"அப்படியா? சாப்ட்வேர்ல ஏதோ கோளாறு. சரி பண்ண ஒரு வாரம் ஆகும்."

"பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க!"

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் என்னைப் பாவம் என்றதே இல்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சற்று நேரத்தில் ஒரு இணைப்பு அனுப்பினாள். "உங்க காலேஜ் போட்டோ கிடைச்சிருக்கு. தலை நிறைய முடியோட இருக்கீங்க!"

எந்த வழுக்கைத் தலையன் இதைத் திறக்காமல் இருப்பான்? ஆபீஸ் கணினியிலேயே திறந்தேன். உள்ளே ஒரு முட்டைப் படம் இருந்தது. அவ்வளவுதான்.

இரண்டாவது நிமிடம் மேனேஜரிடமிருந்து மெயில். 'நீங்கள் கேட்ட பத்து நாள் லீவு அனுமதிக்கப்பட்டது.'

ஆபீஸ் லீவுப் பக்கத்தை எழுதியதும் நான்தான். ஓட்டையும் அதேதான். காலையில் லாக்-இன் செய்தால் நான் வெளியே வருவதும் கிடையாது.

"என்னம்மா இது?"

"எதிர்வீட்டு அக்காவுக்கு சாப்ட்வேர்ல ஓட்டை தேடறதுதானே உத்தியோகம்? பூனையக் காட்டினேன். அதுக்குப் பின்னாடி நீங்க ஒளிஞ்சிருக்கறத உடனே சொல்லிட்டாங்க. உங்க ஆபீஸ் லீவுப் பக்கமும் நீங்க எழுதினதுதான்னு நான் சொன்னேன். முட்டையும் அவங்க போட்டதுதான். கடையத் திறந்தாச்சு, ஆர்டரும் வந்தாச்சு."

"நான் லீவே கேக்கலன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடுவேன்!"

"தாராளமா சொல்லுங்க. கேக்காம எப்படி வந்துச்சுன்னு அவர் கேப்பாரு. நீங்க எழுதின லட்சணத்தையும் சேர்த்துச் சொல்லுங்க."

ஆனாலும் கடைசி முயற்சியாக மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"சார், மனசு மாறிடுச்சு. அந்த லீவு வேண்டாம்."

"ஐயோ, கேன்சல் பண்ணிடாதீங்க! நீங்க லீவுன்னதும் ஆபீஸே சந்தோஷமா இருக்கு. முடிஞ்சா இருபது நாளாக்கிக்கங்களேன்."